ஹோண்டா எஸ்2000: தினமும் ஓட்டுவதா, பத்திரப்படுத்தி வைப்பதா? முழுமையான வழிகாட்டி

2009-இல் ஹோண்டா எஸ்2000 எனும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி நின்றது. பத்து ஆண்டுகளில் உலகம் முழுக்க ஏறத்தாழ 1,10,000 கார்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் விற்றவை. 2000-இல் அங்கே சுமார் 32,000 டாலருக்கு ஷோரூமில் நின்ற கார் இது. இன்று அதிகம் ஓடாத, எதையும் மாற்றாத ஒன்றை அந்தத் தொகைக்கு வாங்க முடியாது. அதனால்தான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம்: ஆபீஸுக்கு எடுத்துப் போகலாமா, போர்வை போட்டு மூடிவிடலாமா?

நின்றுகொண்டிருக்கும் காரும் தேய்கிறது. ஓடுகிற கார் டயர், கிளட்ச், பெயின்ட், சாஃப்ட் டாப் எனும் மடக்குக் கூரையின் துணி எல்லாவற்றையும் தின்னும். நிற்கிற காரில் ரப்பர் சீல்கள் காயும், பெட்ரோல் கெடும், பேட்டரி சாகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இரண்டிலும் கெட்டது நடுவில் ஊசலாடுவது: மூன்று வாரம் நிறுத்திவிட்டு, கடைக்கு இரண்டு மைல் போய் வந்து, மறுபடி நிறுத்துவது. இன்ஜின் சூடாகவே சூடாகாது. எரிப்பில் உண்டாகும் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே ஏதாவது ஒரு பக்கம் முடிவு எடுங்கள். எடுத்த பிறகு அதற்கான வேலையை முழுதாகச் செய்யுங்கள்.

கீழே உள்ள அளவுகள் அமெரிக்க மாடல்களுக்கானவை.

உங்களிடம் இருப்பது எந்தக் கார்?

2000 முதல் 2003 வரை வந்தவை ஏபி1. 1,997 சிசி எஃப்20சி இன்ஜின், 240 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம்-ஐ ஒட்டிய எல்லை. 2004-லிருந்து ஏபி2: 2,157 சிசி எஃப்22சி1, எல்லை 8,000, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் கூடுதல். ஊருக்குள் தினமும் ஓட்ட ஏபி2 சுலபம். 2006 மாடலில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்ஏ வந்தது. அதற்கு முந்திய எந்த எஸ்2000-லும் அது கிடையாது. மழையில் தினமும் ஓட்டப் போகிறவர் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும். 2008, 2009-இல் வந்த கிளப் ரேசர் எனும் சிஆர் மொத்தமே 699 கார்கள்தான்.

மாடல் தெரிந்ததும் காரின் நிலையைப் பாருங்கள். பானெட், ஃபெண்டர், கதவு, பம்பர், டிக்கி மூடி ஒவ்வொன்றிலும் காரின் அடையாள எண்ணான விஐஎன் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது பெயின்ட் அடிக்கும்போது உரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகு பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 250-ஐத் தாண்டினால் மறுபூச்சு. பானெட் அலுமினியம் என்பதால் இரும்பை மட்டும் உணரும் மலிவு மீட்டர் அதில் எதுவும் காட்டாது. இரண்டையும் அளக்கும் மீட்டரை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள்.

அடுத்து லீக்டவுன் சோதனை: சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பது. நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் காற்றை விட்டால், எங்கே சீறுகிறது என்று காது கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். வெறும் கம்ப்ரஷன் சோதனை இவ்வளவு சொல்லாது.

எந்தக் காரை ஓட்டலாம், எதை வைக்கலாம்

சிஆர் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். 30,000 மைலுக்குள் ஓடி, எல்லா ஸ்டிக்கரும் இருந்து, ரேடியோவிலிருந்து சைலன்சர் வரை கம்பெனி பாகங்களே இருந்தால் அதையும் தினசரிக்கு எடுக்க வேண்டாம். வருடத்துக்கு 12,000 மைல் வீதம் மூன்றே வருடத்தில் அது 65,000 மைல் ஓடிய சாதாரணக் காராகிவிடும். அப்புறம் திரும்ப வழி இல்லை.

60,000 மைலைத் தாண்டிய, பம்பர் மறுபூச்சு கண்ட, சைலன்சரும் ஸ்பிரிங்கும் மாற்றப்பட்ட கார் என்றால் தாராளமாக ஓட்டுங்கள். அதைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற எதுவும் இல்லை. ஓட்டினால்தான் அதன் மதிப்பு உங்கள் கைக்கு வரும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட கார்களுக்கு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஓட்டிவிட்டுப் பனிக்காலத்தில் உறங்க வைப்பதே நல்ல வழி. சாலையில் உப்பு கொட்டும் மாநிலங்களில் எந்த எஸ்2000-ஐயும் குளிர்காலத்தில் ஓட்டக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரேக் பைப், பின்சக்கர வளைவின் உள் விளிம்பு, சஸ்பென்ஷன் போல்ட் என்று உப்பு தொடும் இடமெல்லாம் சில குளிர்காலங்களிலேயே பாழாகும்.

மூன்று விஷயங்கள் முடிவையே மாற்றக்கூடியவை. முதலாவது, பயண தூரம். ஒரு வழிக்கு 20 நிமிடத்துக்கும் குறைவான நெரிசல் பயணம் இந்த இன்ஜினுக்கு ஆகாது. இரண்டாவது, நிறுத்துமிடம். இரவில் தெருவில் நிறுத்த வேண்டியிருந்தால் தினசரி யோசனையைக் கைவிடுங்கள். சாஃப்ட் டாப்பைக் கத்தியால் கிழித்து சீட்டைக் கழற்றிக்கொண்டு போகும் திருட்டு இந்தக் காருக்குப் பழகிப்போன ஒன்று. மூன்றாவது, இன்ஷூரன்ஸ். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கொடுக்கும் கலெக்டர் பாலிசிகள் மலிவு. ஆனால் பெரும்பாலும் வேலைக்குப் போய்வர ஓட்டக் கூடாது, வீட்டில் வேறு கார் இருக்க வேண்டும், பூட்டிய கராஜ் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வரும். அந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் இடிபட்டால் கிளெய்ம் நிற்காது. சாதாரண பாலிசியோ சந்தை மதிப்பு என்று ஒன்றைச் சொல்லிக் குறைத்துக் கொடுக்கும். அந்தத் தொகையில் இதே நிலையில் இன்னொரு எஸ்2000 கிடைக்காது.

உடலும் காரும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஸ்டீயரிங் மேலேயோ கீழேயோ நகராது. ஆறடிக்கு மேற்பட்டவருக்கு முழங்கால் இடிக்கும். டிக்கி 150 லிட்டர் அளவுதான். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரிலும் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்-ஐ ஒட்டிச் சுற்றும். ஒரு மணி நேரப் பயணத்தில் இந்த இரைச்சல் சிலருக்குச் சுகம், சிலருக்குத் தலைவலி.

தினமும் ஓட்டுவதென்றால்: இன்ஜின்

இந்த இன்ஜின்களைக் கொல்வது வயதைவிட ஆயில் குறைவுதான். வடிகட்டியோடு சேர்த்துக் கொள்ளளவு 4.8 லிட்டர். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு நடுவே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நன்றாக இருக்கும் இன்ஜினே மேல் ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஆயில் குடிக்கும். கீழ்க்குறிக்கும் கீழே போன நிலையில் 8,000 ஆர்பிஎம்மில் நீண்ட வளைவு ஒன்றில் திரும்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். கனெக்டிங் ராட் பேரிங் அங்கேயே போகும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சமதளத்தில், இன்ஜினை நிறுத்தி மூன்று நிமிடம் கழித்து. குச்சியில் ஆயில் மங்கலாகத் தெரியும். வெள்ளைத் துணியில் துடைத்து இரண்டாம் முறை செருகிப் பார்த்தால் கோடு தெளியும். மேல்குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள்.

10டபிள்யூ-30 ஆயில், 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றம். வடிகட்டி இந்தக் காருக்கென்றே வந்த பிசிஎக்ஸ் எண்ணுள்ளதாக இருக்கட்டும். டிரெய்ன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர், இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர்.

2000, 2001 கார்களில் ஒரு கூடுதல் வேலை. பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட்டுகளைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டுகளில் அப்போது இரண்டு துளைகளே இருந்தன. ஆயில் போதாமல் நாலாவது சிலிண்டர் சுவர் கீறிப்போன கார்கள் உண்டு. ஹோண்டா பிறகு நாலு துளை போல்ட்டுக்கு மாறியது. ஆயில் சம்ப்பைக் கழற்றினால் மாற்றிவிடலாம். பழைய உரிமையாளர் இதைச் செய்ததற்கு ரசீது இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டைமிங் செயின் டென்ஷனர் எல்லா வருடக் கார்களிலும் ஒருநாள் சத்தம் போடும். இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து கலகலவென்று தகர ஒலி வந்து, ஆர்பிஎம் மாற மாற அதுவும் மாறினால் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் திருகும் தளர்ந்து, செயினைத் தள்ளிப் பிடிக்காமல் விட்டுக்கொடுப்பதே காரணம். மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் பழையதை எடுத்த பிறகு புதியதை மாட்டும் வரை இன்ஜினை ஒரு துளிகூடச் சுற்றக் கூடாது. செயின் ஒரு பல் தாவிவிடும். கியரில் போட்டு நிறுத்திய காரை யாரும் தள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வ் இடைவெளி பலர் தவறவிடும் வேலை. ஹோண்டாவின் அட்டவணை ஒரு லட்சம் மைலைத் தாண்டித்தான் கேட்கிறது. தினமும் விடெக் (மேல் ஆர்பிஎம்மில் வால்வ் திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) வரை ஏற்றி ஓட்டுபவர் 30,000 மைலுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. செய்முறை:

1. இரவு முழுக்க நின்ற இன்ஜினில் மட்டும் அளக்கவும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அளவு பொய் சொல்லும்.
2. காயில்களையும் மேல்மூடியையும் எடுத்து, முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவரவும்.
3. இன்டேக் 0.21 முதல் 0.25 மி.மீ. வரை, எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29 மி.மீ. வரை. ஃபீலர் தகடு லேசாக இழுபட்டு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்கவும். இறுக்கும்போது திருகு சேர்ந்து நகரும்.
4. கிராங்க்கை முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் மட்டும் 180 டிகிரி சுற்றி 3, பிறகு 4, பிறகு 2 என்று போகவும். பழைய ஹோண்டா இன்ஜின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை. அந்தப் பழக்கத்தில் கை தானாக மாறிப் போகும், கவனம்.

சத்தமில்லாத வால்வை நம்பாதீர்கள். நாளடைவில் வால்வ் தன் இருக்கைக்குள் அமிழும்போது இடைவெளி குறையும், சத்தமும் குறையும். முழுதாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பில் கருகும். டிக் டிக் என்று கேட்கும் வால்வுக்கு அந்த ஆபத்து இல்லை.

ஏபி1-இல் கியர் தவறி விழுவது பெரிய கண்டம். ஐந்திலிருந்து நாலுக்கு வருவதாக நினைத்து இரண்டில் போட்டால் ஆர்பிஎம் எல்லையை எந்தக் கம்ப்யூட்டராலும் தடுக்க முடியாது. சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. வால்வ் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரீட்டெய்னர் விரிசல் விடும். அன்றைக்கு எதுவும் தெரியாமல் பல மாதம் கழித்து வால்வ் சிலிண்டருக்குள் விழுந்த கார்கள் உண்டு. அப்படி ஒருமுறை நடந்திருந்தால் மேல்மூடியைத் திறந்து பதினாறையும் பாருங்கள். ஏபி2-இன் ரீட்டெய்னர் உறுதியானது. பூட்டுத் துண்டுகளோடு செட்டாக ஏபி1-இல் மாற்றுவது வழக்கம்.

கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன்

கியர்பாக்ஸுக்கு ஹோண்டா எம்டிஎஃப் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 கியர் ஆயில் முக்கால் லிட்டர் அளவு. இரண்டிலும் ஊற்றும் வாய் போல்ட்டை முதலில் தளர்த்திப் பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். வடித்துவிட்டு மேல் போல்ட் கழலவில்லையென்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிஃபரன்ஷியல் டார்சன் எனும் பல்சக்கர வகை. கிளட்ச் தட்டு வகைக்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் இதற்கு வேண்டாம்.

கிளட்சை விடும்போது பெடலில் ர்ர்ர் என்று அதிர்ந்தால் ரிலீஸ் ஃபோர்க்கின் முனையிலும் ஸ்லேவ் சிலிண்டர் தொடும் இடத்திலும் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஹோண்டாவின் யூரியா கிரீஸ் அதற்கென்றே உள்ளது. சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி ஓடிவிடும். முதல் கியரில் கிளம்பும்போதும் ரிவர்ஸிலும் பின்னாலிருந்து ஒரே ஒரு டக் கேட்டால் பின் ஆக்சில் நட். கழற்றி, ஆக்சிலும் ஹப்பும் உரசும் முகத்தைச் சுத்தம் செய்து, மாலி பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, புது நட் போட்டு விளிம்பைத் தட்டிப் பூட்டினால் போய்விடும்.

அலைன்மென்ட் போல்ட்டுகளைக் கார் வாங்கிய முதல் மாதத்திலேயே கவனியுங்கள். சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் இந்த போல்ட்டுகள் புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் வெட்டி எடுத்து புஷ் அல்லது ஆர்மையே மாற்ற வேண்டும். இன்னும் திரும்புகிற நிலையில் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, ஆன்டி-சீஸ் பூசித் திரும்பப் போட்டு, பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். பின்சக்கரங்களுக்கு ஹோண்டா தரும் டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) அதிகம், இரண்டும் சேர்ந்து 6 மி.மீ. அளவு; கார் பின்புறம் அலையாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் பின் டயரின் உள் விளிம்பு முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாதம் ஒருமுறை உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 16 அங்குலச் சக்கரமுள்ள ஏபி1-க்கு முன்னால் 205/55, பின்னால் 225/50. 17 அங்குல ஏபி2-க்கு முன்னால் 215/45, பின்னால் 245/40. நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் மழையில் வளைவின் நடுவே பின்பக்கம் சட்டென்று சுழலும்; விஎஸ்ஏ இல்லாத கார்களில் அதைப் பிடிக்க நேரமே கிடைக்காது. கோடை டயர்கள் 7 டிகிரிக்குக் கீழே இறுகி வழுக்கும். சக்கர நட் இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர்.

சாஃப்ட் டாப்பும் வெளிப்புறமும்

2000, 2001 கார்களில் பின்கண்ணாடி பிளாஸ்டிக், 2002-லிருந்து கண்ணாடி. பிளாஸ்டிக்கைக் குளிரில் மடித்தால் விரிசல் விடும், வெயிலில் சூடேறிய பிறகு நடுவே மெல்லிய துண்டை வைத்து மடியுங்கள். ஈரத் துணியை ஒருபோதும் மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். துணி கிழிவது பெரும்பாலும் ஓட்டுபவர் தலைக்குப் பின்னே, சட்டம் மடங்கும் இடத்தில். துணியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை தளர்ந்துபோனால் துணி சட்டத்தில் மாட்டி நசுங்கும். பட்டையை மாற்றும் செலவு புது டாப் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சீட்டுக்குப் பின்னால் டாப் மடங்கும் பள்ளத்தில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. இலையும் தூசும் அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்குள் இறங்கும். ஆண்டுக்கு இருமுறை அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைப்பை எடுக்க நைலான் கம்பி போதும். காற்றழுத்தத்தால் ஊதினால் உள்ளே குழாய் கழன்றுவிடும். கதவு ரப்பர்களுக்கு சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியால் மெல்லிசாக.

முன் பம்பர், பானெட், பின்சக்கரத்துக்கு முன்னுள்ள பகுதி மூன்றுக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். நெடுஞ்சாலைக் கல்லடிக்கு வேறு மருந்தில்லை.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று. டாஷ்போர்டில் கூலன்ட் மூன்று கட்டம் காட்டினாலும் ஆயில் அதற்குள் சூடாகியிருக்காது. அதன்பின் இன்னும் பத்து நிமிடம் 4,000-க்குக் கீழே ஓட்டிவிட்டு, பிறகு தயங்காமல் மேலே ஏற்றுங்கள். 6,000-ஐ ஒட்டி விடெக் மாறும் இன்ஜினை எப்போதும் 3,000-லேயே ஓட்டுவதில் எந்த நன்மையும் இல்லை.

பத்திரப்படுத்துவதென்றால்

பத்திரப்படுத்துவது என்றால் அசையாமல் வைப்பது என்று நினைக்க வேண்டாம். சாலை காய்ந்திருக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், ஒரே ஓட்டமாக. ஏசியைப் பத்து நிமிடம் போடுங்கள், கம்ப்ரஸர் சீலுக்கு எண்ணெய் போகும். டாப்பை ஒருமுறை திறந்து மூடுங்கள். வருடத்துக்கு 500 மைல் கூடுவதால் எந்த வாங்குபவரும் விலையைக் குறைக்க மாட்டார்; ஓடாமல் கிடந்து ரியர் மெயின் சீல் எனும் இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால் குறைப்பார்.

பனிக்கால உறக்கத்துக்குக் கடைசி வாரத்தில் வரிசையாக:

1. ஆயிலை இப்போதே மாற்றவும், வசந்தத்தில் அல்ல. பழைய ஆயிலிலுள்ள ஈரமும் அமிலமும் நாலு மாதம் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது.
2. கழுவி, அடிப்பகுதியையும் பீய்ச்சி, ஓட்டிக் காயவைக்கவும். டிஸ்க் ஈரமாக உள்ளே போகக் கூடாது.
3. டேங்க் 50 லிட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் பங்கிலேயே ஸ்டெபிலைசரை முதலில் ஊற்றி, பிறகு டேங்க்கை நிரப்பவும். 2.5 கேலனுக்கு ஒரு அவுன்ஸ் கணக்குள்ள வகை என்றால் முழு டேங்க்குக்கு ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல். அதன்பின் 15 நிமிடம் ஓட்டினால்தான் இன்ஜெக்டர் வரை மருந்து போய்ச் சேரும்.
4. டயர் காற்றை 40 பிஎஸ்ஐ வரை ஏற்றவும். டயர் சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். கோடை டயர்களை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே உருட்டினால் ரப்பர் வெடிக்கும், ஆகவே கராஜ் அவ்வளவு குளிருமானால் கழற்றி வீட்டுக்குள் வைக்கவும்.
5. ஹேண்ட்பிரேக் வேண்டாம், பின் பேட் டிஸ்க்கில் ஒட்டும். சக்கரத்துக்குக் கட்டை போடவும்.
6. பேட்டரிக்குத் தானாகக் கட்டுப்படுத்தும் சின்ன மெயின்டெய்னர் மாட்டவும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுவதானால் ரேடியோவைத் திறக்கும் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
7. எலிக்காக ஏர்பாக்ஸ் வாயிலும் சைலன்சர் வாய்களிலும் ஸ்டீல் வூல் அடைக்கவும். எத்தனை இடத்தில் அடைத்தோம் என்று தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டவும்.
8. டாப் மேலே ஏறி, பூட்டியிருக்க வேண்டும். மடித்து வைத்தால் துணி சுருங்கி, வசந்தத்தில் கொக்கி எட்டாது. மேலே காற்றுப் புகும் துணிப் போர்வை; தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கராஜில் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் என்றால் இரும்புக்கும் தோல் சீட்டுக்கும் நல்லது. பிரேக் ஆயிலை ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதற்கு மைல் கணக்கு கிடையாது.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் இந்த இன்ஜின் ஆயிலைச் சூடாக்காது. சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும், ஆயிலில் பெட்ரோல் சேரும், ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. ஓட்ட முடியாத வாரங்களில் காரைத் தொடவே வேண்டாம்.

கழற்றிய கம்பெனி பாகம் எதையும் விற்காதீர்கள். கியர் குமிழ், ரேடியோ மூடி, சைலன்சர், சக்கரங்கள் எல்லாம் பெயர் எழுதிய பெட்டியில் போகட்டும். சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் மைலும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாத ரசீதால் விற்கும்போது பயனில்லை.

எழுப்பும் நாள்

வசந்தத்தில் சாலையில் உப்பு போன பிறகே காரை எழுப்புங்கள். வெயில் வந்த பிறகு என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டு மூன்று பலத்த மழை சாலையைக் கழுவிய பிறகு. ஸ்டீயரிங்கில் ஒட்டிய தாளைப் பார்த்து ஸ்டீல் வூலை எண்ணி எடுங்கள். ஏர்பாக்ஸைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் உறைகளில் கடித்த தடம், காருக்கு அடியில் ஈரக் கறை, கூலன்ட் மட்டம், ஆயில் மட்டம். டயரை 32-க்கு இறக்குங்கள். கிளட்ச் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். தட்டு ஒட்டியிருந்தால் கியர் விழாது.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்புங்கள். முதல் மைலில் பிரேக்கைப் பலமுறை லேசாக மிதித்து டிஸ்க்கின் மேல்துருவைத் துடைத்தெடுங்கள். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்புறக் காலிப்பர் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம், திரும்பி வந்து கழற்றிப் பாருங்கள். டயர் தட்டையான இடத்தால் வரும் அதிர்வு 20 மைலுக்குள் போய்விடும். அதற்கு மேலும் இருந்தால் பேலன்ஸ் பாருங்கள். விடெக் வரை ஏற்றுவதை இந்த முதல் ஓட்டத்தில் வேண்டாம்; வீடு திரும்பி, கார் ஆறிய பின் டிப்ஸ்டிக்கை மறுபடி எடுத்துப் பார்த்து, அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் அடுத்த ஓட்டத்தில் 6,000-ஐத் தாண்டலாம்.